கைப்பிடி கழன்ற கூட்டம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் எழுதுவது. இங்கு நானும் மனைவியும் மகளும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள், அக்காவின் முழங்கால் உட்பட, என்று நம்புகிறேன்.

உங்கள் குடியிருப்புக்கு என்னைப் போல உங்களையும் செயலாளராக்கிவிட்டார்கள் என்றும், கூட்டத்தை நான்கே நிமிடத்தில் முடிக்கும் வித்தையைச் சொல்லித் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். போன மாதம் கேட்டிருந்தால் மார்தட்டிக்கொண்டு சொல்லியிருப்பேன். முப்பது வருடம் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போட்டவன் நான். பதினாறு வீட்டுக்குத் தண்ணீர் நேரம் போடுவது எனக்குப் பெரிய காரியமா? கிணற்றில் ஊற்றுக் குறைந்ததிலிருந்து தினம் இரண்டு மணி நேரம்தான் தண்ணீர். காலை ஐந்திலிருந்து ஏழு வரை என்று நான் எழுதிக்கொண்டு போவேன், வீட்டுக்கு ஒரு கை தூக்குவார்கள், பன்னிரண்டுக்கு நான்கு என்று நிறைவேறும். அந்த நான்கும் எப்போதும் நான்காவது மாடிதான். இந்த முறையும் அப்படியே முடித்து, "கூட்டம் கலையலாம்" என்று கூட்ட அறைக் கதவை இழுத்தேன் பாருங்கள், கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது, கதவு வரவில்லை. சன்னலில் கம்பி. தச்சருக்குப் போன் செய்தால், "ஒரு வீட்ல கட்டிலைப் பிரிச்சுப் போட்டிருக்கேன் சார், மாட்டிட்டுத்தான் வர முடியும், ரெண்டு மணி நேரம் ஆகும்" என்கிறார்.

வேறு வழியில்லாமல் எல்லோரும் மறுபடி உட்கார்ந்தோம். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி உட்காருவது எவ்வளவு சங்கடம் தெரியுமா அத்தான்? நான்காவது மாடி நர்ஸம்மா, மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாக அன்றுதான் கடிதம் கொடுத்திருந்தார். சும்மா இருக்க முடியாமல் தரைத்தள ரொட்டிக்கடைக்காரர், "ஏம்மா காலி பண்றீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"ஏழு மணிக்குத் தண்ணி நின்னுடுது. நான் ராத்திரி டூட்டி முடிஞ்சு வர எட்டரை ஆகுது. மாமனார் படுத்த படுக்கை. அவர் உடம்பைத் துடைச்சுவிடக்கூடத் தண்ணி இருக்கிறதில்ல."

"முன்னாடியே புடிச்சு வெச்சுக்கலாமே?" என்றார் மூன்றாவது மாடிக்காரர். கை தூக்கி முடித்த பிறகு எதற்கும் எதிராகவே பேசுவதால் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர்.

"புடிக்க யாரு சார் இருக்கா? அவரா எந்திரிச்சுப் புடிப்பாரு?"

ரொட்டிக்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கும் அந்தத் தண்ணி உபயோகமே இல்லைங்க. நாலு மணிக்கே கடைக்குப் போயிடறேன், ஒன்பது மணிக்குத்தான் திரும்பறேன்."

"அப்புறம் ஏன் கை தூக்கினீங்க?" என்றார் நர்ஸம்மா.

"செயலாளர் என்னையே பாத்தாரு. தூக்கிட்டேன்."

அவர் தூக்கினார் என்று பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினாராம், அவரைப் பார்த்து அடுத்தவர். இதென்ன கூத்து என்று என் வீட்டு ஓட்டுக்குச் சொந்தக்காரியான மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "எனக்கும் ஆறு மணிக்கு மேலதான் வசதி" என்றாள். "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க? கை தூக்கச் சொன்னீங்க, தூக்கினேன்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு கைகளை எண்ணியிருக்கிறேன், ஒரு வாயையும் திறக்கவிடவில்லை.

அப்புறம் பேச்சு பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஒன்பது மணிக்கு மாற்றிவிடலாம் என்று சிலர் கிளம்ப, எதிர்க்கட்சி, "பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க குளிக்காமலா போகும்?" என்று கேட்டார். நியாயம்தானே! கடைசியில் ஆறிலிருந்து ஏழு வரை எல்லோருக்கும், ஒன்பதிலிருந்து பத்து வரை கீழ்க்குழாயை அடைத்து மேல்மாடிகளுக்கு மட்டும் என்று வந்தது. ஒன்பதுக்கு வந்ததும் தன் வீட்டுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொண்டு குழாயை அடைக்கவும், பிறகு திறக்கவும் ரொட்டிக்கடைக்காரரே முன்வந்தார். இதற்குள் தச்சர் வந்து கதவைத் திறந்துவிட்டார், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் இருங்க, பேசிட்டிருக்கோம்" என்று அவரையும் உட்காரவைத்துவிட்டார்கள். பதினைந்து கை எழுந்தது. "ஒரு மாசம் பாத்துட்டு மறுபடி கூடிப் பேசணும்னு எழுதுங்க, அப்பத்தான் தூக்குவேன்" என்றார் எதிர்க்கட்சி. எழுதினேன். தூக்கினார். நர்ஸம்மா என்னிடமிருந்து கடிதத்தைக் கேட்டு வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் அத்தான், தூசி என்று சமாளித்தேன்.

ஆகவே நான்கு நிமிட வித்தை என்னிடம் இல்லை. முதலில் பேசவிடுங்கள், அப்புறம் கையை எண்ணுங்கள். பிஸ்கட் தாராளமாக வாங்கி வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கூட்டங்கள் சண்டையில்லாமல், சண்டை வந்தாலும் சமாதானத்தில் முடிய வாழ்த்தும்,

அன்பு மைத்துனன்.

பி.கு.: கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவியும் மகளும் ஒரு மணி நேரம் கலந்து பேசி, நான் அழுதது வரைக்கும் ஊருக்குத் தெரியவேண்டாம், இதை அனுப்பக் கூடாது என்று இரண்டுக்கு ஒன்று கணக்கில் தீர்மானித்துவிட்டார்கள். இருவரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் ஓடிப்போய்த் தபாலில் போட்டுவிடுகிறேன்.