பின்னறைக்கு எந்தப் பைப்

மரியாதைக்குரிய எங்கள் வீட்டு மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா வாயால் சொல்ல, அத்தை கையால் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, பரணில் இருப்பவர்கள் எல்லோரும் சுகம். பரணில் யார் என்று பின்னால் சொல்கிறேன். அங்கே உங்கள் சுகமும், என் மகள் சுகமும், குப்புற விழ ஆரம்பித்திருக்கிற என் பேத்தியின் சுகமும் தெரிந்தால் போதும், எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கூடுதலாக இறங்கும். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நான் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், நடுவில் தன் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று உங்கள் அத்தையிடம் பேசி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இப்போதே முறைக்கிறாள். அதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பின்னறை தயார். நீங்கள் மூன்று பேரும் வரலாம்.

போன மழைக்காலத்தில் நீங்கள் வந்திருந்தபோது, என் டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கக் கையை வைத்தீர்களே, அடுத்த நொடி கட்டிலில் மல்லாந்து கிடந்தீர்களே, கண்ணாடி கட்டிலுக்கு அடியில், ஒரு செருப்பு ஜன்னல் திண்டில், அதெல்லாம் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. நீங்கள் நல்ல மனுஷன், “ஒண்ணுமில்ல மாமா, சும்மா சுள்ளுன்னுச்சு” என்றீர்கள். ஆனால் விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள். அப்போது நிறைமாதமாக இருந்த என் மகள் வாசலில் நின்று சொன்னாள்: “அப்பா, அந்த ரூம்ல ஒயரிங்கை மாத்துங்க. அதுவரைக்கும் என் பிள்ளையத் தூக்கிட்டு நான் இங்க வரமாட்டேன்.” அவள் சொன்னால் சொன்னதுதான், அது அவள் அம்மா வழிக் குணம். ஆக, பேத்தியை இன்னும் போட்டோவில்தான் பார்க்கிறேன். அந்தப் போட்டோவிலும் அவள் என்னைப் பார்க்காமல் வேறெங்கேயோ பார்க்கிறாள்.

குற்றம் முழுக்கச் சுவரில் ஓடின பழைய ஒயர்தான். மரச்சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டின ஒயர், மேலே சுற்றின துணி எல்லாம் இற்றுப்போயிருந்தது. அதை அடித்த ஆளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவது கிளிப்பில் சுத்தியலைக் கட்டை விரலில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னான். அந்த வார்த்தையும் நினைவிருக்கிறது, உங்கள் அத்தை எழுத மாட்டேன் என்கிறாள். அப்போதே நினைத்தேன், இப்படித் திட்டிக்கொண்டு அடித்த ஒயர் ஒருநாள் யாரையாவது கடிக்கும் என்று.

எங்கள் தெருவில் ஒரு எலக்ட்ரிஷியன் உண்டு. காதில் எப்போதும் டெஸ்டரைச் செருகியிருப்பதால் அவன் பெயரே டெஸ்டர் ஆகிவிட்டது. அவன் வந்து அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரை வெட்டி, பைப்பைப் புதைத்து, அதற்குள்ளே ஒயரை இழுக்க வேண்டும் என்றான். சரி என்றேன். எந்தப் பைப் என்றான். பைப் என்றால் பைப்தானே, அதில் என்ன எந்த என்றேன். அவன் டெஸ்டரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினான். அங்கே ஆரம்பித்தது மாப்பிள்ளை என் கஷ்டகாலம்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் மெல்லிசான பி.வி.சி. ஒன்று, தடித்த பி.வி.சி. ஒன்று, தொண்டைக்குழல் மாதிரி வளையம் வளையமாக இருக்கிற வளையும் பைப் ஒன்று, இரும்புப் பைப் ஒன்று என்று நான்கையும் என் முன்னால் பெண் பார்க்க உட்கார வைத்த மாதிரி வைத்தார். எல்லாவற்றின் மேலும் ஏதேதோ அச்சடித்திருந்தது. எனக்கு அது எறும்பு ஊர்ந்த தடம். நான் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன், பல்லால் கடித்துப் பார்த்தேன், கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறி நின்றும் பார்த்தேன். மெல்லிசு பொட்டென்று பிளந்தது. பிளந்ததை என் தலையிலேயே கட்டிவிட்டார் கடைக்காரர். சுவருக்குள்ளே புதைக்கப்போகிற பைப், அதன் மேல் யார் ஏறி நிற்கப்போகிறார்கள் என்று கேட்டார். கொத்தனார் நிற்பார் என்றேன்.

மீதி மூன்றில் எது என்று முடிவாகவில்லை. கடைக்காரர் வளையும் பைப்பையே பிடித்துக்கொண்டார், எந்த மூலையிலும் திரும்பும், வேலை சீக்கிரம் முடியும் என்றார். லேத் பட்டறையில் ஆயுசைக் கழித்த பக்கத்து வீட்டுக்காரர், இரும்பைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்றார். டெஸ்டர் தடித்த பி.வி.சி. என்றான். மூன்று பேரும் பேசினால் மூன்றும் சரியாகத்தான் படுகிறது. யோசித்துப் பார்த்தேன், ஒயருக்கு உண்மையான எதிரி எலி, அதனால் எலியையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு முழத்துண்டு வாங்கி, உள்ளே வறுத்த வேர்க்கடலையைப் போட்டு, மூன்றையும் பரணில் வைத்தேன். உங்கள் அத்தை என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. பரீட்சை நிம்மதியாக நடந்தது.

பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், வளையும் பைப் சல்லடையாகக் கிடந்தது. தடித்த பி.வி.சி.யின் ஓரத்தில் எலி பல்லை வைத்துப் பார்த்துவிட்டு விட்டிருந்தது. இரும்பைக் கடிக்கவே இல்லை. உள்ளே நுழைந்து, கடலையைத் தின்று, என் பழைய பனியனைக் கிழித்து மெத்தை போட்டு, குட்டியும் போட்டுவிட்டது. பரணில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா அண்ணே, அது தன் பிள்ளைக்கு எதைத் தேர்ந்தெடுத்துச்சுன்னு. உங்க பேத்திக்கு நீங்க பிளாஸ்டிக்கா போடப்போறீங்க?” என்றார். அந்தப் பேச்சு என்னை அசைத்துவிட்டது மாப்பிள்ளை. நானும் ஒரு பிள்ளைக்காகத்தானே கடைகடையாக அலைகிறேன். உடனே இரும்புதான் என்று டெஸ்டரிடம் சொல்லிவிட்டேன்.

டெஸ்டர் கோபப்படவில்லை. அந்த இரும்புத் துண்டின் அறுத்த வாயை என் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னான். கத்தி மாதிரி இருந்தது. இதை அரத்தால் சரியாக ராவாமல் ஒயரை இழுத்தால் ஒயரின் தோல் உரியும், குளியலறைப் பக்கத்துச் சுவர் ஈரம், இரும்பு துருப்பிடிக்கும், மூலைக்கு மூலை எர்த் விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும், எங்காவது விட்டுப்போனால் ஒயர் கடிக்காது பெரியவரே, பைப்பே கடிக்கும் என்றான். எலி அந்தப் பைப்புக்குள்ளே சுகமாக இருக்கிறதே என்றேன். அதுக்கு யாரு கரண்டு கொடுத்தா என்றான்.

ஆக, தடித்த பி.வி.சி. நான் அப்போதும் விடவில்லை, சுவரை அதிகம் வெட்ட வேண்டாம், சன்னமான அளவு போதும் என்றேன். கூட்ட பஸ் மாதிரி ஒயரை அடைத்தால் சூடாகும், உள்ளே காற்றாட இடம் வேண்டும் என்று அவன் ஒரு சுற்றுப் பெரியதாகவே போட்டான். மூலைகளிலும் முழங்கை மாதிரி மடக்காமல், தூங்குகிற பிள்ளையின் கையை மடக்குகிற மாதிரி மெதுவாக வளைத்தான். அதைப் பார்த்தபோதுதான் இவனிடம் வேலையை முழுசாக விடலாம் என்று எனக்குத் தோன்றியது.

தோன்றி என்ன பண்ண, அடுத்து கொத்தனார் வந்தார். பூச்சில் கைதேர்ந்தவர், சுவர் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் அவருக்கு. டெஸ்டர் இல்லாத வேளையில் பைப்போடு சேர்த்து, சுவிட்சுப் பெட்டிகளையும் பூசி மூடிவிட்டார். மறுநாள் டெஸ்டர் வந்து பார்த்தால், வழவழவென்று நாலு சுவர், ஒரு பெட்டியைக்கூடக் காணோம். தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இருடா தம்பி என்று சொல்லி நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டி வைக்கிறபோது உயரம் பார்க்க உங்கள் அத்தையைத்தான் சுவரோரம் நிறுத்தினோம். ஒவ்வொரு இடத்திலும் அவள் என்னென்ன சொல்லித் திட்டினாள் என்பது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “அடுப்புல பால் இருக்கு” என்று சொன்ன இடத்தில் தட்டினேன், பெட்டி. “உங்களுக்கு வேற வேலையே இல்லையா” என்ற இடத்தில் தட்டினேன், பெட்டி. ஒன்று மட்டும் தவறி, உளி சுவரின் மறுபக்கம் போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகக் கொஞ்ச நேரம் குளியலறை தெரிந்தது. இப்போது அடைத்தாயிற்று, பயப்பட வேண்டாம்.

ஒயர் இழுத்து, விளக்கு எரிந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று. பிளக் பாயின்ட் எல்லாம் பிள்ளை கைக்கு எட்டாத உயரம். போதாததற்கு, எங்காவது கரண்டு கசிந்தால் சுவிட்சு தானாக விழுந்துவிடுகிற ஒரு பெட்டியையும் டெஸ்டர் வாசலில் மாட்டியிருக்கிறான். இனி இந்த அறையில் யாரையும் எதுவும் கடிக்காது. நீங்கள் வருகிற அன்று அதே இடத்தில் அதே ஃபேனைப் போட்டு உங்கள் கையாலேயே திறப்புவிழா நடத்த வேண்டும் என்பது என் ஆசை. பாவம், அந்த ஃபேன் மேல் நீங்கள் சந்தேகப்பட்டுவிடக் கூடாது. என் மகள் தொட்டிலில் கிடந்தபோது வாங்கினது, அன்றிலிருந்து ஒரு குறையும் சொன்னதில்லை. உங்கள் அத்தைதான் தூசி படும் என்று துணியைப் போட்டு மூடி, என்னையே தொட விடமாட்டேன் என்கிறாள்.

என் மகளுக்கும் உங்களுக்கும் என் ஆசீர்வாதம். பேத்திக்கு முத்தம் கொடுத்து, தவழுவதை மட்டும் இங்கே வரும்வரை கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மீதி இடத்தில் உங்கள் அத்தை தன் ஆசீர்வாதத்தை எழுதுவாள்.

இப்படிக்கு,
உங்கள் வரவைப் பார்த்திருக்கும் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. கையெழுத்து வரைக்கும் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், இதை வாசிக்கப்போவதில்லை. அன்று நடந்ததில் ஒயர் மேல் ஒரு குற்றமும் இல்லை. டெஸ்டர் வந்த முதல் நாளே அவர் கடைக்குப் போன நேரத்தில் அந்த ஃபேனின் உடம்பில் டெஸ்டரை வைத்தான், பளிச்சென்று எரிந்தது. உங்களைக் கடித்தது ஃபேன்தான். சுவர் வெட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். மகளுக்காக வாங்கி, தன் கையால் துடைத்து, உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து வைத்த ஃபேன் உங்களைத் தூக்கிப் போட்டது என்று தெரிந்தால் மனிதர் அதோடு படுத்துவிடுவார். சுவரென்றால் உடைத்துத் திருத்திக்கொள்ளலாம். பழைய ஒயரும் எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்று டெஸ்டர் சொன்னதால் என் மனசும் சமாதானமாயிற்று.

ஃபேனை அவனே கழற்றி, உள்ளே எல்லாம் மாற்றி, எர்த் ஒயரும் கொடுத்துவிட்டான். நேற்று மாலை மாமா வெளியே போனபோது, புதுப் பாயின்ட்டில் போட்டு, அதன் தலையில் என் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. காற்று நன்றாக வருகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே வாருங்கள். அவர் ஃபேனைக் காட்டும்போது ஒரு அடி பின்னால் போகாமல் நின்றால் போதும்.