பிங்க் சிட்டியில் நீலக் கோபுரம்

"ஜெய்ப்பூர்னா பிங்க் சிட்டின்னுல்ல சொல்வாங்க? ஏன் எல்லாமே நீலமா இருக்கு?"

"அது பிரைமர் ஆன்ட்டி. பிங்க் இனிமேத்தான் அடிப்பாங்க."

சொல்லிவிட்டு ஜம்புநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டப்ளின் வீட்டு ஹால் டிவியில் அவருடைய பயணப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கேள்வி கேட்ட எதிர்வீட்டு ராமாத்தாள் ஆன்ட்டியைச் சமாளித்துவிடலாம். சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் குமாரசாமியிடம்தான் அது நடக்காது. அவர் போன வருடமே மனைவி வசந்தாமணியோடு ராஜஸ்தான் போய்வந்தவர்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மீனாக்ஷி கேட்டது ராஜஸ்தான். ஹைவே இரைச்சலில் ஜம்புநாதன் ஃபோனில் அதைத்தான் சொன்னார். ஏஜென்ட் "ரெஜிஸ்தான்?" என்றான். "எஸ், எஸ்!" என்றார். அது உஸ்பெகிஸ்தானில், சமர்கந்து நகரத்துப் பழைய சதுக்கத்தின் பெயர் என்பது போய் இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மீனாக்ஷிக்கு இறங்கிய பிறகும் தெரியவில்லை. அவளுக்கு ஹிந்தி வராது. அங்கே பேசியது ஒன்றும் புரியவில்லை. ஆகவே அது ஹிந்தி என்று முடிவு கட்டிவிட்டாள். மூன்று பிரம்மாண்ட வாசல்களுக்கும் நடுவே நின்று, "இத்தனை வருஷம் கழிச்சாவது கூட்டிட்டு வந்தீங்களே, இது போதுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்தக் கையை உதறிவிட்டு உண்மையைச் சொல்ல எந்தப் புருஷனுக்கு மனசு வரும்?

"போர்டுல ஹிந்தி எழுத்தையே காணோமே?" என்றார் ராமாத்தாள்.

"டூரிஸ்ட்டுங்களுக்காக ஹிந்தியை இங்கிலீஷ் எழுத்துல எழுதியிருக்காங்க."

அடுத்த படத்தில் ஒரு சமாதி. "இது அவங்க ராஜாவோடது ஆன்ட்டி," என்றாள் மீனாக்ஷி பெருமையாக. "தைமூர்."

"தைமூரா? அவர் எப்பம்மா ராஜபுத்திரர் ஆனார்?"

"அம்மா வழியில," என்றார் ஜம்புநாதன்.

"சரி, ஒரு ஒட்டகமாச்சும் காட்டுங்க."

ஜம்புநாதனிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"ஒட்டகமெல்லாம் சீசன்லதான் வரும்," என்றார் குமாரசாமி. அப்புறம் எழுந்து, ஜம்புநாதனைக் கண்ணாலேயே கிச்சனுக்குக் கூப்பிட்டார்.

உள்ளே போனதும் ஜம்புநாதன் கதவைச் சாத்தினார். "சார், எல்லாம் தெரிஞ்சும் என்னைக் காட்டிக் கொடுக்கல. இந்த உதவியை மறக்கவே மாட்டேன். ஆனா இனிமே முடியாது சார். இப்பவே போய் மீனாக்ஷிகிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

குமாரசாமி அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வேண்டாம் ஜம்பு! வசந்தாமணி இப்பத்தான் வந்து வெளிய கார் பார்க் பண்ணிட்டிருக்கா. போன வருஷம் நாங்க போனதும் இதே ஊருதான்னு அவளுக்கு இன்னும் தெரியாது, ப்ளீஸ்!"