விழிக்காத ஜீன்

“புரதம் போயிடுச்சு சார். ஆனா ஜீன் எழுந்திருக்கல.”

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அதெப்படிம்மா? காவல்காரன் போனா கதவு திறக்கணுமே?”

ஆராய்ச்சி மாணவியான அவளுக்கும் அதுதான் புரியவில்லை. மனித செல்லில் டிஎன்ஏ இழையைப் பற்றிக்கொண்டு சில ஜீன்களை வாய் திறக்க விடாமல் வைத்திருக்கிறது ஒரு புரதம். மருந்து போட்டு அதை நீக்கினால் அடங்கிக் கிடக்கும் ஜீன் விழிக்க வேண்டும். விழித்தால் செல் பச்சையாக மின்னும். மின்னுவதற்கான ஏற்பாட்டை அவளே செய்து தன் செல்களில் பொருத்தியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் வேறு எவரிடமும் அப்படிப்பட்ட செல் கிடையாது.

இந்த முறையும் மின்னாவிட்டால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

“மருந்தைக் கூட்டிப் பாரு.”

கூட்டினாள். பாதி செல்கள் செத்து மிதந்தன. மீதி பாதி மின்னாமல் கன்னங்கரேலென்று கிடந்தன.

அம்மா போனில் கேட்டாள். “என்னடி, எழுந்துச்சா?”

“இல்லம்மா.”

“வளர்த்தவளை மாதிரிதானே இருக்கும்? மூஞ்சில தண்ணி தெளிச்சுப் பாரு.”

போனை வைத்துவிட்டு, எல்லா லேப்காரர்களும் செல் வளர்க்கும் பொது இன்குபேட்டரைத் திறந்தாள். பக்கத்து லேப் அண்ணனின் எலி செல் குடுவைகளை நகர்த்திவிட்டு, மருந்தே படாத தன் குடுவை ஒன்றை எடுத்துச் சோதித்தாள். அந்தப் புரதம் மனித செல்லுடையதாக இருந்தால் மட்டுமே காட்டிக்கொடுக்கும் சோதனை அது.

அதிலும் புரதம் இல்லை.

இல்லாத ஒன்றையா இத்தனை நாளும் மெனக்கெட்டு நீக்கிக்கொண்டிருந்தாள்?

தப்பை ஒப்புக்கொள்ளத்தான் போனாள். சோதனைப் படத்தைப் பார்த்த பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“மருந்து போடாததுலயும் இல்லையா? இந்தப் புரதம் இல்லாமலே மனுஷ செல் ஜீனை அடக்கி வச்சிருக்கா? பாடப்புத்தகத்தையே மாத்தப்போறோம்மா!”

“சார், ஒருவேளை என் கைத்தப்பா...”

“அடக்கம் வேணும்மா. அதுக்குன்னு இவ்வளவா?”

மாலைக்குள் ஆய்வு நிறுவன இயக்குநர் மேடத்துக்குச் செய்தி போய்விட்டது. மறுநாள் கருத்தரங்கு அறையில் உட்கார இடமில்லை. நாலு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அவளுக்கு. மேசையைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகப் பேசி முடித்தாள்.

“அப்போ, மனுஷ செல்லுக்கு அந்தப் புரதமே வேண்டாம்னு சொல்றீங்களா?” என்றார் இயக்குநர்.

ஆமாம் என்றால் ஆயுசுக்கும் அது அவள் பேரோடு ஒட்டிக்கொள்ளும்.

“மேடம், எனக்கே இதுல முழுசா நம்பிக்கை இல்ல.”

“பாத்தீங்களா? பெரிய கண்டுபிடிப்பு பண்றவங்க இப்படித்தான் பேசுவாங்க!” என்று பேராசிரியர் கை தட்டினார். அறையே சேர்ந்து தட்டியது.

“வேற யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்று இயக்குநர் கேட்டார்.

பின்வரிசையில் பக்கத்து லேப் அண்ணன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார்.

“தலைப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, தப்பா நெனைக்காதே தங்கச்சி. உன் மருந்துல கொஞ்சம் எடுத்து என் எலி செல்லுக்கும் போட்டுப் பாத்தேன். எலி செல் பச்சையா மின்னுமா? என்னுது நேத்துல இருந்து மின்னிட்டே இருக்கு.”