உதைப்பதற்கான விண்ணப்பம்

பேருந்து எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காட்டில், மாரப்பன் என்றொரு கீரி வாழ்ந்து வந்தது. மலை உச்சியில் இருப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோகும் வேலை அதற்குக் கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. காலை பத்து மணிக்கு யானை அதிகாரியின் முன்னால் சொந்த வண்டியில் வந்து நிற்க வேண்டும். தவறினால் அந்த வேலை, பட்டியலில் அடுத்ததாக இருந்த நரிக்குப் போய்விடும்.

கீரியிடம் வண்டி இருந்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக். சேறு, பாறை, ஓடை எதற்கும் அஞ்சாது. காலையில் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் அஞ்சும்.

அன்று எட்டு மணிக்குக் கீரி, பெட்ரோலைக் கூட்டிவிடும் சோக்கைப் போட்டு உதைத்தது. வண்டி செருமிவிட்டு அடங்கியது. பதற்றத்தில் சோக்கை எடுக்க மறந்து, கீரி மேலும் இருபது உதை உதைத்தது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கண்டால் யாரும் சும்மா கடந்துபோக மாட்டார்கள். ஆளுக்கு ஓர் உதையாவது போட்டால்தான் மரியாதை. முதலில் வந்த குஞ்சப்பன் கரடி, "நகரு தம்பி, நான் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்" என்றது. அடுத்து காட்டெருமை, அதன் பின்னால் மான்கள். மயில்கூட மெலிந்த காலை நீட்டிப் பார்த்தது. அரை மணியில் வரிசை ஓடைவரை நீண்டது. நரியும் அதில் நின்றது. உதவி செய்யத்தான் வந்திருப்பதாகச் சொன்னது.

ஒன்பது மணிக்குப் பூவாத்தாள் முள்ளம்பன்றி வந்தது. வண்டி மெக்கானிக் படிப்பு முடித்திருந்தது. அதன் வம்சத்தில் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் அதுதான். அதனாலேயே அதன் பேச்சை ஒருவரும் நம்புவதில்லை.

முள்ளம்பன்றி பிளக்கைக் கழற்றிக் காட்டியது. பெட்ரோல் சொட்டியது. ஒவ்வொரு உதைக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகிறது, பிளக் நனைந்தால் பொறி வராது, வண்டியைக் கால் மணி நேரம் உதைக்காமல் விட்டாலே போதும் என்று பொறுமையாக விளக்கியது.

"சும்மா விடறதுக்கா அம்மிணி மூணு வருசம் படிச்சே?" என்றது கரடி. காடே சிரித்தது.

முள்ளம்பன்றி மண்ணில் எஞ்சின் படம் வரைந்து மறுபடி விளக்கியது. காட்டெருமை அந்தப் படத்தின் மேல் நின்று கேட்டுக்கொண்டது. முள்ளம்பன்றி பிளக்கைத் துடைத்து மாட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் கரடி ஓர் உதை விட்டது. பிளக் மறுபடி நனைந்தது.

மணி ஒன்பதரை. கீரிக்குக் கண் கலங்கிவிட்டது. "வண்டியை அப்புறம் பாருங்கக்கா. முதல்ல இவங்களைச் சரி பண்ணுங்க" என்றது.

முள்ளம்பன்றி யோசித்தது. பிறகு பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து, இனி விண்ணப்பம் கொடுத்தவர்கள் மட்டுமே உதைக்கலாம் என்று அறிவித்தது. படிவத்தில் நிரப்ப வேண்டியவை: பெயர், வளை முகவரி, உதைக்கப்போகும் கால், முன் அனுபவம், சாட்சிகள் இருவரின் கால் ரேகை. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டம் மொத்தமும் புளிய மரத்தடிக்கு ஓடியது. இருந்தது ஒரே பேனா. முன்னங்காலா பின்னங்காலா என்று மான்களுக்குள் விவாதம் வந்தது. வளை இல்லாத மயில் முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கலங்கியது. நரி தன் படிவத்தில் தப்பாக எழுதி அடித்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கியது.

இங்கே முள்ளம்பன்றி பெட்ரோல் டேப்பை மூடி, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் இல்லாமல் நாலு உதை உதைத்து உள்ளே இருந்த பெட்ரோலை வெளியேற்றியது. பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து வெயிலில் காயவைத்தது. கால் மணி நேரம் கழித்து மாட்டி, டேப்பைத் திறந்தது. கீரி உதைத்தது. ஒரே உதை. நீலப் புகை கிளம்பியது. ஒன்பது ஐம்பதுக்கு வண்டி யானை அலுவலகத்தை நோக்கிப் பறந்தது.

முள்ளம்பன்றி நேர்மையான பிராணி. மரத்தடிக்குப் போய், வண்டி கிளம்பிவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று சொன்னது.

வரிசை அசையவில்லை.

"அது கிடக்கட்டும் அம்மிணி" என்றது கரடி. "நான் எழுதி முடிச்சிட்டேன். எனக்கு ஒரு ரசீது குடு."

வரிசையின் கடைசியில் நரி பேனாவுக்காகக் காத்திருந்தது.

நீதி: சும்மா இரு என்று சொன்னால் உலகம் கேட்காது, ஒரு படிவத்தைக் கொடு, பொழுது சாயும்வரை சும்மா இருக்கும்.