பதினெட்டாம் பிரிவைக் காணவில்லை

உலகம் தோன்றிய நாள் முதல் இலட்சோபலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள் 'இலவச சேனல்கள் செயலியின் பயன்பாட்டு நிபந்தனைகள்' என்பதை வரி விடாமல் படித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அதை எழுதியவர்கூட நடுவில் கண் அயர்ந்திருக்கிறார். ஆதாரம் பின்னால் வருகிறது.

அந்த மாமனிதர் ஆவணச் சரிபார்ப்பு அலுவலகத்தின் கண்காணிப்பாளர். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதவர். தம்முடைய திருமணப் பதிவேட்டையே முக்கால் மணி நேரம் படித்தார். மணமகள் பெயரில் ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்திய பிறகே பேனாவைத் திறந்தார். மணமகளைத்தான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. நேரம் போதவில்லை.

போன மாதம் அவர் வீட்டு டிஷ் இணைப்பை 'மறுஆய்வுக்கு' எடுத்துக்கொண்டார். முந்நூறு சேனல்கள் வருகின்றன, இரண்டைத்தான் பார்க்கிறோம், எனவே மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டும் 'பயன்பாடற்றவை' என்று முடிவு செய்து, இணைப்பை முறைப்படி துண்டித்தார். பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டும் சேர்ந்தே போயின. அதனால் என்ன? புதிதாக வாங்கிய ஸ்மார்ட் டிவியில் ஒரு செயலியைத் திறந்தால் அதே சேனல்கள் இலவசமாக வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி டிவியில் வருவதாக இருந்தது. சரியாக மாலை ஐந்து மணிக்கு, நான்கு நிமிடம்.

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில், தவறவிட்ட பொருள்களுக்கான அறையில் வேலை. குடை, ஒற்றைச் செருப்பு, கண்ணாடி என்று எதுவானாலும் அங்கேதான் வந்து சேரும். தேடி வருகிறவர்களை அவள் முதலில் முழுசாகப் பேசவிட்டுக் கேட்பாள். குடையைக் காணோம் என்று வந்தவர், பேசப் பேச, தொலைத்தது கைப்பை என்று தெளிந்ததுண்டு. பல்செட்டைத் தொலைத்த பெரியவர் சொன்னது புரியவே அரை மணி ஆயிற்று. அதையும் கேட்டாள். இருபத்திரண்டு வருடமாக இப்படிக் கேட்டதற்காகத்தான் டிவிக்காரர்கள் அவளைத் தேடி வந்து படம் பிடித்துப் போனார்கள்.

மூன்றரை மணிக்கே கண்காணிப்பாளர் ரிமோட்டுடன் உட்கார்ந்தார். செயலி திறந்தது. நிபந்தனைகள் தெரிந்தன. அடியில் ஒரு பச்சைப் பொத்தான்: 'ஒப்புக்கொள்கிறேன்'.

"என்னங்க, அதை அழுத்தினா வந்துடுமாம். எதிர் வீட்டு அக்கா சொன்னாங்க."

"ஒப்புக்கு ஒப்புக்கறதுக்கு நான் என்ன எதிர் வீட்டுக்காரனா?"

உண்மைதான். எதிர் வீட்டார் காதைக் குடைந்துகொண்டே அரை நொடியில் ஒப்புக்கொண்டவர்கள். அவர்கள் வீட்டில் இப்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

விதிகளைப் படிப்பது அவர் விதி. அவர் படித்து முடிக்கும்வரை காத்திருப்பது மனைவியின் விதி. ஒரு தடவை அழுத்தினால் ஒரு வரி நகர்ந்தது. 'பயனர்' என்றால் யார் என்பது தெளிவாகவே நாலேகால் ஆகிவிட்டது. மனைவி தலை வாரி, நல்ல புடவை உடுத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். டிவியில் வருகிறவள் டிவி பார்ப்பதற்கு ஏன் புடவை மாற்ற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கவனித்திருந்தால் கேட்டிருப்பார்.

நாலே முக்காலுக்கு எதிர் வீட்டு அக்கா எட்டிப்பார்த்தாள். "வாயேன், எங்க வீட்ல பார்க்கலாம்."

"இல்லக்கா, ஒரே தடவைதான் போடுவாங்களாம். அவரோட சேர்ந்து பார்க்கணும்னு இருக்கேன்."

அந்த நேரத்தில்தான் வரலாறு நிகழ்ந்தது. கண்காணிப்பாளர் துள்ளி எழுந்தார். "பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பது! பதினெட்டாம் பிரிவைக் காணோம்!"

உடனே வாடிக்கையாளர் சேவை மையத்துக்குப் போன் போனது.

"வணக்கம் சார், அந்தப் பச்சை பட்டனை அழுத்துங்க சார்."

"பதினெட்டு எங்கேம்மா?"

"எந்தப் பதினெட்டு சார்?"

"பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவுல இருக்க வேண்டியது."

லைனில் கொஞ்ச நேரம் புல்லாங்குழல் வாசித்தார்கள்.

"சார், மேடம் கேக்கச் சொன்னாங்க. நீங்க வக்கீலா?"

"இல்லை."

"அப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

வாடிக்கையாளரின் உடல்நலத்தில் இத்தனை அக்கறை கொண்ட நிறுவனத்தை எப்படிப் பாராட்டுவது! அவர் நலம் என்று பதிலளித்து, பதினெட்டு குறித்த புகாரை எழுத்துக்கூட்டிச் சொல்லத் தொடங்கினார்.

எதிர் வீட்டிலிருந்து நிகழ்ச்சியின் தொடக்க இசை கேட்டது. "என்னங்க," என்றாள் மனைவி. அவர் ஒரு விரலை உயர்த்தினார். ஒரு நிமிடம் என்று அர்த்தம். அவள் அந்த விரலைப் பார்த்தாள். எழுந்து போனாள். காபி போடப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

புகார் பதிவாயிற்று. எண்ணும் கொடுத்தார்கள். வெற்றியோடு உட்கார்ந்து மீதிப் பிரிவுகளையும் படித்தார். தொலைக்காட்சி என்ற சொல்லுக்குக் காட்சியைத் தொலைப்பது என்றும் ஒரு பொருள் உண்டு என்பது எந்தப் பிரிவிலும் இல்லை.

ஐந்தே காலுக்குக் கதவு திறந்தது. மனைவிக்கு முன்னால் எதிர் வீட்டு அக்கா நுழைந்தாள்.

"அண்ணே, என்னா பேச்சு! பல்செட்டுக் கதைக்கு எங்க வீட்ல உருண்டு உருண்டு சிரிச்சோம். கடைசியில பேட்டி எடுத்த தம்பி, 'வீட்ல யாரு முதல்ல பார்ப்பாங்க'ன்னு கேட்டாரே, 'எங்க வீட்டுக்காரர்தான், ஒரு வரி விடமாட்டார்'னு எவ்வளவு பெருமையா..."

சொல்லும்போதே டிவியில் தெரிந்த நிபந்தனைகள் அவள் கண்ணில் பட்டன. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று திரும்பிப் போய்விட்டாள்.

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"நான் ஒண்ணும் சும்மா உக்காந்திருக்கலை. உன்னைக் காப்பாத்தியிருக்கேன், தெரியுமா? நாற்பத்தோராம் பிரிவைப் பாரு. 'வீட்டில் பேசப்படும் அனைத்தையும் இக்கருவி எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கும்.' எவ்வளவு அநியாயம்! நான் மட்டும் படிக்காம அழுத்தியிருந்தா, நீ பேசற ஒவ்வொரு வார்த்தையையும் இது உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கும்!"

மனைவி அந்த வரியை நின்று படித்தாள். இரண்டு தடவை படித்தாள். அவர் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

"கேக்கட்டும். இந்த வீட்ல ஒண்ணாவது கேக்கட்டும்."