உஷ் அண்ணன் வேனுக்குள் நடத்திய புரட்சி

ஈப்போ வட்டாரத்திலேயே சேவலை அதட்டி வாயை மூட வைத்த ஒரே மனிதர் எங்கள் உஷ் அண்ணன்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் குடியிருப்பான ஜெலாப்பாங்கில் அது யாருக்கும் தெரியாது.

வாரத்தில் ஆறு நாள் அவர் தொழிற்சாலை ஃபோர்மேன். ஞாயிற்றுக்கிழமை பாட்காஸ்ட் இயக்குநர். வெள்ளைக்காரன் காலத்தில் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலைநிறுத்தம் வெடித்து, போலீஸ் துப்பாக்கியோடு வந்து ஆட்களைப் பிடித்துப்போன கதையை வாராவாரம் நாடகமாக்கி இணையத்தில் விட்டார். சரித்திரம் பாதி, கைச்சரக்கு பாதி.

ஒலிப்பதிவுக் கூடம், அவர் வீட்டு வாசலில் நின்ற ஓடாத வேன். உள்ளே சுற்றிலும் பழைய மெத்தை. பட்டப்பகல் வெயிலில் ஐந்து பேர் அடைந்து கிடப்போம். விசிறிக்குத் தடை, சத்தம் பதிவாகிவிடுமாம்.

"வேர்க்கட்டும்லா! அப்பத்தான் கொரல்ல கஷ்டம் வரும்" என்பார்.

சேவல், அழுகிற குழந்தை, ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் பார்த்து ஜன்னல் வழியாக "உஷ்!" என்பார். பெயர் வந்தது அப்படித்தான். ஊர்வலக் காட்சிக்காகக் கோலா கங்சார் வரை போய் ஒரு மூட்டை காய்ந்த ரப்பர் இலை பொறுக்கி வந்தார். "மாவிலை மேல நடந்தா தோட்டத்துக்காரனுக்குத் தெரிஞ்சிடும் மச்சான்." நாங்கள் ஐந்து பேரும் அந்த இலை மேல் நின்ற இடத்திலேயே மிதித்து முந்நூறு பேரானோம்.

தொழிற்சாலையில் ஆங்கிலப் படிவங்களை நிரப்புகிறவன் என்பதால் எனக்கு வெள்ளைக்காரத் தொரை வேடம். ஒரு நாள் மற்ற நால்வரும் "வெள்ளைக்காரனே வெளியே போ! எங்க ஆள விடு!" என்று கத்தியதில் வேனே ஆடியது. யாரையோ கடத்தி அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "வெள்ளைக்காரன் யார்?" என்று மலாயில் கேட்டார். நான் என் கரிக்கட்டைக் கையைத் தூக்கினேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உஷ் அண்ணன் அவரையும் உஷ் என்றார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த புரட்சியில் துரோகி ஒருவன் தேவைப்பட்டான். வேலைநிறுத்தக்காரர்களின் பெயர்களைத் தொரையிடம் ரகசியமாகக் கொடுப்பவன்.

"பேரு வச்சா யாராச்சும் கோவிச்சிக்குவாங்க. வீட்டு நம்பர வைப்போம்லா" என்றார் அண்ணன். வேன் நம்பரின் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்தார். துரோகி பதினேழாம் நம்பர் வீட்டுக்காரன் ஆனான்.

அங்கேதான் சறுக்கினார். தோட்டத்தில் ஆளுக்கு முகவரியே லயம் என்கிற வரிசை வீடுகளில் அவரவர் வீட்டு நம்பர்தான். தோட்டம் மறைந்து அங்கே எண்ணெய்க்கான செம்பனை வந்த பிறகும் எந்த நம்பரில் யார் இருந்தார்கள் என்று அந்தத் தோட்டத்து ஆட்கள் மறக்கவில்லை. அண்ணன் பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். ஆனால் தவழும் வயதில் வெளியேறியவருக்குத் தன் வீட்டு நம்பர் ஆறு என்பது மட்டும்தான் தெரியும். நாடகத்தில் தோட்டத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் கோயில், கோயிலுக்கு எதிரே ரப்பர்ப்பால் ஸ்டோர் என்று வர்ணித்த பிறகு பெயர் எதற்கு?

அடுத்த ஞாயிறு பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து செல்லம்மா அக்கா என்பவர் வந்து வேன் கதவைத் தட்டினார்.

"பதினேழு எங்க வீடு தம்பி. எங்கப்பா அந்த ஸ்ட்ரைக்ல அடி வாங்கி, சாவுற வரைக்கும் நொண்டி நடந்தவரு. நேத்து கோயில்ல பழைய தோட்டத்து ஆளுங்க என்கிட்ட மொகங்குடுத்துப் பேசல."

அண்ணன் மைக்கை அணைத்தார். "அலாமாக்... தெரியாம வச்சிட்டேன்கா. இப்பவே எடுத்திடுறேன்."

"எடுத்திடுவீங்க. கேட்டவங்க காதுலேருந்து எப்படி எடுப்பீங்க?"

சேவல் கூவியது. அண்ணன் உஷ் சொல்லவில்லை.

அக்கா போன பிறகு நான் யோசனை சொன்னேன். "நூறாம் நம்பர்னு மாத்திடுங்க."

"மொத்தமே நாப்பது வீடு மச்சான். எவன் நம்புவான்? நாப்பதுக்குள்ள எத வச்சாலும் இன்னொரு அக்கா வந்து நிப்பாங்க." கொஞ்ச நேரம் ரப்பர் இலையைக் கையில் நொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

அந்த வாரப் பகுதியில், பதினேழாம் நம்பர்காரர் அடிபட்டும் வாய் திறக்காத வீரர் என்று தெரிந்தது. பழியை அவர் மேல் போட்டவனே உண்மையான துரோகி. அவன் வீடு ஆறாம் நம்பர். அந்தக் குரலையும் அண்ணனே கொடுத்தார், நன்றாக அழுது.

கோலா கங்சாரிலிருந்து அவருடைய சொந்த அண்ணன் போனில் கத்தியது மெத்தைகளைத் தாண்டிக் கேட்டது. "நம்ம அப்பா பாட்டுக்கு பால் எடுக்க மரம் வெட்டிக்கிட்டு இருந்த மனுசன்டா! அவர ஏன்டா காட்டிக் குடுத்தவனாக்குன?"

"அப்பாகிட்ட கேட்டிருந்தா அவரே சரின்னு சொல்லிருப்பாருண்ணே" என்றார் இவர். அந்த அண்ணன் ஒரு வருடம் இவரோடு பேசவில்லை.

வேலை ஓய்வுக்குப் பிறகு உஷ் அண்ணன் ஜொகூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வழியனுப்ப வந்த செல்லம்மா அக்கா முறுக்குப் பொட்டலத்தை அவர் கையில் திணித்து, "ஆறாம் நம்பர் வீட்டுல எப்பேர்ப்பட்ட மனுசங்க இருந்தாங்கன்னு கோயில்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் தம்பி" என்றார். அன்றைக்கு அண்ணன் நடிக்காமல் அழுததைப் பார்த்தேன்.

இப்போது எங்கள் தெருச் சேவல் இஷ்டத்துக்குக் கூவுகிறது. யாராவது ஒரு தடவை உஷ் சொல்ல மாட்டார்களா என்று ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்கிறேன்.