தியாகி கன்னியப்பன் வாரிசுகள் கவனத்திற்கு

திறப்பு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. வாசலில் மாட்ட வேண்டிய தியாகியின் வாழ்க்கை வரலாறு, உச்சிமாகாளியின் கையில் நாலே வரியாக இருந்தது.

உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் காருக்குக் கதவுப் பிடி செய்யும் கம்பெனி ஒன்றில், எச்.ஆர். பிரிவில் மூன்று வருஷமாக ஒப்பந்தப் பணியாளன். கம்பெனி புதிதாகக் கட்டியிருந்த பயிற்சி மையத்துக்கு, இந்தப் பக்கத்தில் பிறந்த சுதந்திரப் போராட்டத் தியாகி கன்னியப்பனின் பெயரை வைக்கச் சொல்லிப் பஞ்சாயத்துத் தலைவர் கேட்டிருந்தார். கொரியாக்கார எம்.டி.யும் ஒப்புக்கொண்டுவிட்டார். மையத்தில் இரண்டு நிரந்தர வேலைகள் வரப்போகின்றன. விழா குறையில்லாமல் நடந்தால் அதில் ஒன்று உச்சிமாகாளிக்கு என்று மேனேஜர் ஜெபகுமார் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜெபகுமார் அந்த நாலு வரியையும் படித்தார்.

1917-இல் பிறந்தார். 1942-இல் தந்திக் கம்பியை அறுத்ததற்காக வேலூர் சிறையில் ஒன்றரை வருஷம் இருந்தார். இரண்டு முறை எம்.எல்.ஏ., பதினொரு மாதம் துணை மந்திரி. பதவி போன அன்றே சர்க்கார் காரை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறி ஊர் திரும்பினார். இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட எவருக்கும் சிபாரிசுக் கடிதம் தருவதில்லை என்ற கொள்கையோடு வாழ்ந்து 1968-இல் காலமானார்.

"இன்னாபா இது? நம்ம பாத்ரூம் வாசல்ல இருக்கிற போர்டு இத்த வுடப் பெரிசா கீது."

"லைப்ரரில ஒரு பழைய விழா மலர்ல இதான் சார் இருந்துச்சு. ஊர்லயும் விசாரிச்சிட்டேன். பாதிப் பேரு நிலத்த வித்துட்டுப் போயிட்டாவ. மீதிப் பேரு எங்கள மாதிரி வாடகைக்கு வந்தவங்க."

"வாரிசு யாராவது இருப்பாங்க. புடி. எம்.டி. ரெண்டு பக்கம் கேட்டுகினு கீறாரு."

உச்சிமாகாளி அன்றைக்கே பஞ்சாயத்து வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டான். 'தியாகி கன்னியப்பன் வாரிசுகள் கவனத்திற்கு. விழா மேடையில் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்படுவீர்கள்.' மாலைவரை காத்திருந்ததில் இரண்டு கட்டைவிரலும், ஒரு ரோஜாப்பூவும், படப்பையில் மனை விற்பனைக்கு என்று ஒரு விளம்பரமும் வந்தன.

அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அறிவிப்பின் அடியில் இன்னொரு வரி சேர்த்தான். 'தியாகியின் கொள்ளுப்பேரன் அல்லது கொள்ளுப்பேத்தி ஒருவருக்கு நிரந்தர வேலை பரிசீலிக்கப்படும்.'

ஜெபகுமார் அதைப் பார்த்துவிட்டு, "பரிசீலிக்கப்படும்னா ஒண்ணும் ஆவாது. சும்மா போடு" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாலாஜாபாத்திலிருந்து கலைமணி என்ற அம்மாள் தன் மகனோடு கேட்டில் வந்து நின்றாள்.

"கன்னியப்பன் எங்க அம்மாவப் பெத்தவரு. எனுக்குத் தாத்தா" என்றாள். "இவன் கொள்ளுப்பேரன். டிப்ளமா முடிச்சிட்டு வூட்ல கீறான்."

உச்சிமாகாளிக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. காண்டீனில் உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். ஆறடி உயரம். பெரிய மீசை. விறால் மீன் குழம்பில்லாமல் சோறு இறங்காது. வாரத்துக்கொரு நாள் சட்டசபையிலிருந்து நேராக வாலாஜாபாத் வந்து, பாட்டி கையால் சாப்பிட்டுவிட்டுப் போவார். மீசையோடு ஒரு போட்டோவும் கொடுத்தாள்.

இரண்டு பக்கம் தேறிவிட்டது. உச்சிமாகாளி அதை ஃபிளக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனான்.

சாப்பிட்டுத் திரும்பியபோது ரிசப்ஷனில் கோதண்டராமன் உட்கார்ந்திருந்தார். படப்பைக்காரர். பக்கத்தில் ஒரு பையன்.

"தியாகி கன்னியப்பன் எங்க அப்பாவோட அப்பா. இவன் என் புள்ள. பி.காம்."

"அப்ப நீங்க வாலாஜாபாத் கலைமணி அம்மாவுக்குச் சொந்தமா சார்?"

"யாரு கலைமணி?"

உச்சிமாகாளி விவரம் சொன்னான். கோதண்டராமன் பேப்பரை வாங்கிப் படித்தார்.

"ஆறடியா? எங்க தாத்தா அஞ்சேகால் அடி. மீசை கிடையாது. மீன் வாசனை பட்டாலே எழுந்து போயிடுவாரு, சுத்த சைவம். வெள்ளிக்கிழமையானா படப்பைக்கு வந்து எங்க பாட்டி கையால பொங்கல் சாப்ட்டுட்டுத்தான் அசெம்ப்ளிக்குப் போவாரு." அவரும் ஒரு போட்டோ வைத்திருந்தார். மொட்டைத் தலை, மழித்த முகம்.

உச்சிமாகாளி இரண்டு போட்டோவையும் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சார், தியாகிக்கு ரெண்டு வீடு இருந்திருக்கு."

ஜெபகுமார் நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். "ரெண்டாங் கல்யாணக்காரனுக்கு லெட்டர் தரமாட்டேன்னு ஏன் சொன்னாருன்னு இப்பதான் புரியுது. இவருக்கு அதோட கஷ்டம் தெரிஞ்சிருக்கு."

"ஆளு உயரமே மாறுதே சார்."

"பெரிய மனுஷனுங்க வூட்டுக்கு வூடு வேற மாதிரிதான் இருப்பாங்க. ஒண்ணு பண்ணு. மூத்த தாரம், இளைய தாரம்னு போட்டு ரெண்டு குடும்பத்தையும் எழுது. மீசைப் படத்துக்குக் கீழ 'இளமையில்', மொட்டைப் படத்துக்குக் கீழ 'முதுமையில்'. முடிஞ்சிது."

முடியவில்லை. மூத்த தாரம் யார் என்று கேட்க வேண்டி வந்தது.

உச்சிமாகாளி கலைமணிக்குப் போன் போட்டான். தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததைக் கேட்டு அவள், "படப்பையிலயா?" என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டாள். பிறகு, "எங்க பாட்டிதான் மூத்த தாரம். முப்பத்தெட்டுல கல்யாணம்" என்றாள்.

கோதண்டராமன் அந்த வருஷத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, "எங்க பாட்டிக்கு முப்பத்தாறுலயே ஆயிடுச்சு" என்றார்.

இதைக் கேட்டதும் கலைமணிக்கு ஞாபகம் தெளிந்தது. முப்பத்தெட்டு என்பது வீடு கட்டிய வருஷமாம், கல்யாணம் முப்பத்திரண்டில். கோதண்டராமன் முப்பதுக்கு இறங்கினார். மறுநாள் மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் ஏலம் கேட்பதுபோல் பின்னோக்கிப் போய், கோதண்டராமன் இருபத்தாறில் வந்து நின்றார்.

"சார், இருபத்தாறுல அவருக்கு ஒம்பது வயசு" என்றான் உச்சிமாகாளி.

"அவரு எதுலயும் முந்திக்கிற ஆளு தம்பி."

வேறு வழியில்லாமல் 'மூத்த', 'இளைய' இரண்டையும் எடுத்துவிட்டு, 'இரு இல்லங்களிலும் சம அன்பு செலுத்தியவர்' என்று எழுதினான். அன்று சாயங்காலமே இரண்டு இல்லத்திலிருந்தும் ஆட்கள் கிளம்பி வந்து கேட்டில் நின்றார்கள். செக்யூரிட்டி போன் செய்து, "சண்டைலாம் இல்ல சார். தாத்தா யாரு மடியில உயிர விட்டாருன்னு பேசிக்கினு கீறாங்க" என்றார்.

உச்சிமாகாளி ஓடிப்போய், குத்துவிளக்கின் ஐந்து திரியில் இரண்டை வாலாஜாபாத்துக்கும் இரண்டைப் படப்பைக்கும் ஒதுக்கி, மிச்சமிருந்த ஒன்றை எம்.டி.க்குக் கொடுத்து சமாதானம் செய்துவைத்தான். தியாகி எந்த மடியிலும் சாயாமல் தூக்கத்திலேயே காலமானார் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

விழா அன்று பந்தலுக்குள் கல்யாண மண்டபம் போல இரண்டு பக்கம் இருந்தது. இடது பக்கம் வாலாஜாபாத், வலது பக்கம் படப்பை. நடுவில் யாரும் உட்காரவில்லை. மேடையில் ஆறடிக் கன்னியப்பனும் அஞ்சேகால் அடிக் கன்னியப்பனும் ஒரே ஃபிளக்ஸில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். கலைமணி தாத்தாவின் மீன் ஆசையைப் பற்றிப் பேசிக் கண் கலங்கினாள். கோதண்டராமன் தாத்தாவின் சைவத்தைப் பற்றிப் பேசி எல்லோரையும் கலங்கவைத்தார். பஞ்சாயத்துத் தலைவருக்கு முப்பத்திரண்டு வயது, தியாகியைப் பார்த்ததில்லை, இரண்டுக்கும் கைதட்டினார்.

கடைசியாக எம்.டி. எழுந்தார். அவர் பேசியதை ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

"எங்கள் நாட்டில் முன்னோருக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒரு வாரிசுக்கு ஒரு வேலை என்று அறிவித்திருக்கிறீர்கள். இங்கே இரண்டு குடும்பங்களைப் பார்க்கிறேன். ஒன்றுக்குக் கொடுத்து இன்னொன்றை விட்டால் தியாகியின் ஆன்மா வருந்தும். ஆகவே மையத்தில் இருக்கும் இரண்டு நிரந்தர வேலைகளும் இரண்டு கொள்ளுப்பேரன்களுக்கும் வழங்கப்படுகின்றன."

பந்தல் அதிர்ந்தது. வாலாஜாபாத்தும் படப்பையும் முதல்முறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டன. ஜெபகுமார் உச்சிமாகாளி இருந்த பக்கம் திரும்பாமல் கை தட்டினார்.

உச்சிமாகாளி மெதுவாகப் பந்தலின் கடைசி வரிசைக்குப் போனான். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நேற்றே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தான். அம்மா தெருவுக்கே சொல்லியிருப்பாள். மூன்று வருஷம் நைட் ஷிப்டிலும் ஓ.டி.யிலும் ஓடிய ஓட்டம், தானே டைப் செய்த ஒரு வரியில் போயிற்று. கையில் யாரோ ஒரு தட்டு கேசரியைக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஜெபகுமார் வந்து தோளில் கை வைத்தார். "மன்ச்சிக்கோபா. அடுத்த வருஷம் பாக்கலாம். இப்ப நான் இன்னா பண்றது? பெத்த புள்ளைங்களோட வாரிசு. சட்டப்படியும் நியாயப்படியும் அவங்களுக்குத்தான சேரணும்?"

"சரி சார்."

"பொன்னாடை எவ்ளோ மிச்சம்?"

"ஒண்ணு இருக்கு சார்."

"வாரிசு யாருனா வுட்டுப் போயிருந்தா போத்திடு. அப்புறம் அதுக்கு ஒரு சண்டை வேணாம்."

உச்சிமாகாளி சுற்றும் முற்றும் பார்த்தான். கடைசி வரிசை ஓரத்தில் எண்பது வயதை நெருங்கும் ஒருவர், ஷேர் ஆட்டோ தூசி படிந்த வேட்டியோடு, ஃபிளக்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைப் படத்தைப் பார்த்தார், மொட்டைப் படத்தைப் பார்த்தார், மறுபடி மீசைப் படத்துக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

உச்சிமாகாளி பொன்னாடையோடு போய் அவர் பக்கத்தில் குனிந்தான்.

"ஐயா, உங்க பேரு?"

"சுப்பராயன். பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் பாத்தேன். பேர் போட்டிருந்திச்சி, அதான் வந்தேன்."

"தியாகிக்கு நீங்க என்ன முறை வேணும்?" பொன்னாடையைப் பிரித்தபடி உச்சிமாகாளி அலுப்போடு கேட்டான். "மூத்த தாரத்து வழியா, இளைய தாரத்து வழியா?"

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் அவரோட தம்பி புள்ளபா. ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவனுக்கு எவனும் பொண்ணு தரலன்னு எங்க பெரியப்பா கடசி வரிக்கும் கல்யாணமே கட்டிக்கலியே."